மலையில் சொல்லக் கூடாத வார்த்தை

போர் நிறுத்தம் இருந்த காலம், 2003ஆம் ஆண்டு. கித்துல்கல பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார். நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். அம்மாமார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தொட்டில் ஆட்டுவது, பால் கரைப்பது, மூக்குத் துடைப்பது, இதுதான் என் வேலை.

அது எனக்கு இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை. அதற்கு முன்னால் ரப்பர் பெக்டரியில் ரோலர் மிஷினில் நின்றேன். உறைந்த பாலை இரண்டு உருளைக்கு நடுவில் விட்டுத் தட்டையாக்குவோம். ஒருநாள் அந்த ஷீட்டோடு என் இடது கையும் உள்ளே போனது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் சுண்டு விரலும் மோதிர விரலும் பாதியோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யார் என்னைப் பார்த்தாலும் "பாவம்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை கொதிக்கும். நான் கொஞ்சம் வீம்புக்காரி. விரல் போனதையாவது பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது.

பிள்ளைக் காம்பரா ஜன்னலில் நின்று பார்த்தால் தோட்டத்து எல்லைக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை தெரியும். ஆற்றில் ரப்பர் படகு விடும் கேம்ப் ஒன்று அப்போது கித்துல்கலவில் இருந்தது. அவர்கள்தான் அந்தப் பாறையில் மலையேற்றம் பழக்கத் தொடங்கினார்கள். கொழும்பு ஆபிஸ்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வெள்ளைக்காரர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். சிவப்பும் நீலமுமாகக் கயிறுகள் தொங்கும். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். கொழுத்த மனுசன் ஒருவன் கூட ஏறிவிட்டான். அன்றைக்கு முடிவு செய்தேன், நானும் ஏறுவேன் என்று.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் சிரித்தார். "மலையேறப் போறியா? மொதல்ல பின்னால நிக்கிற பலா மரத்துல ஏறி ஒரு காயப் பறிச்சிப் போடு, பாப்போம்" என்றார்.  அடுத்த ஞாயிறு கேம்ப்புக்குப் போனேன். வாசல் பலகையில் சிங்களத்தில், யாரும் ஏறலாம், முன்பழக்கம் வேண்டாம் என்று எழுதியிருந்தது. உள்ளே பழக்குகிறவர் ஒரு பெண். சிங்களவர், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். நான் என் இடது கையை நீட்டி, "யாரும் ஏறலாம்னு போட்டிருக்கே, இந்தக் கையுமா?" என்று சிங்களத்திலேயே கேட்டேன்.

மிஸ் பாவம் என்று சொல்லவில்லை. கையைப் பிடித்து, மடக்கி, இழுத்துப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். உயிர் போனது, ஆனாலும் இல்லை என்றேன். "ஹரி நங்கி, வா" என்றார், சரி தங்கச்சி என்று. அவ்வளவுதான். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அன்றிலிருந்து ஞாயிறு தவறினாலும் நான் தவறவில்லை. பட்டியை இடுப்பிலும் தொடையிலும் எப்படி இறுக்குவது, முடிச்சு எப்படிப் போடுவது, கீழே நிற்கிறவள் கயிற்றை எப்படிப் பிடிப்பது, எல்லாம் படித்தேன். முடிச்சுதான் பெரிய பாடாக இருந்தது. விரல் இல்லாத பக்கத்தில் கயிறு நழுவி நழுவி ஓடும். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் தூங்கிய பிறகு தொட்டில் கயிற்றில் போட்டுப் போட்டுப் பழகினேன். வீட்டில் துணி காயப்போடும் கயிற்றில் போட்டேன். வீட்டுக்காரர் ஒருநாள் உடுத்தும் சாரத்தைக் கொடியிலிருந்து எடுக்க முடியாமல் நின்று, "அடியே, என் சாரத்தையும் சேத்துக் கட்டி வச்சிருக்க" என்று கத்தினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, முடிச்சு கைக்கு வந்துவிட்டது என்று.

சும்மா பேசாமல் இருக்குமா ஊர்? கடைச் சந்தியில் ஒருவர் வீட்டுக்காரரைப் பிடித்து, உன் சம்சாரம் எதற்குக் கயிறு கட்டி மலை ஏறப் பழகுகிறாள் என்று விசாரித்திருக்கிறார். சண்டை நின்றிருந்தாலும் அந்தக் காலம் அப்படி. ஒரு தமிழ்ப் பொம்பளை இப்படியொன்றைப் பழகினால் சண்டைக்குப் பயிற்சியோ என்ற கண்ணோடு பார்ப்பார்கள். லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருந்த அக்கா வேறு மாதிரி. அவரும் பால் வெட்டுகிறவர். வாய் என்றால் வாய். தண்ணீர் பிடிக்கும் பீலியில் எல்லாருக்கும் முன்னால், "இருக்குற எட்டு வெரலையும் மலைக்குக் குடுத்துட்டு வரப் போறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏறுவது எனக்கு வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்றுதான். பேச்சு.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நான் சின்னப் பிள்ளையிலிருந்து வருஷா வருஷம் சிவனொளிபாதமலைக்குப் போனவள். அதுவும் இரத்தினபுரிப் பக்கத்துப் பாதையால். அட்டைக் கடியும் ஏற்றமுமாக அது ஒரு முடியாத வழி. போவதற்கு முன்னால் வீட்டில் சொல்லித்தான் கூட்டிப்போவார்கள். மலையில் ஏறும்போது இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது. கால் வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. முடியவில்லை என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. சொன்னால் மலை நீண்டுகொண்டே போகும், சாமிக்கும் ஆகாது. யாராவது கேட்டால், ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஏற வேண்டும். காலில் இரத்தம் வழிந்தபோதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான்.

ஆனால் கயிற்றில் ஏறுகிறவள் அப்படி இருக்க முடியாது. கயிறு போதவில்லையா, அதிகமா, கால் வழுக்குகிறதா, கை அசந்துவிட்டதா, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கீழே கயிறு பிடிப்பவருக்கு அதுதான் கணக்கு. எனக்கோ பாறையில் கை வைத்ததும் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை பாறை இடுக்கில் முழங்கால் மாட்டிக்கொண்டது. சொல்லவில்லை. நானே இழுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று தொங்கிக்கொண்டே இருந்தேன். மிஸ் கீழேயிருந்து கேட்கக் கேட்க, ஒன்றுமில்லை என்றேன். கடைசியில் எப்படியோ எடுத்துக்கொண்டு இறங்கினேன். தரையில் கால் வைத்ததும் மடங்கி விழுந்தேன். கால் மரத்துப்போய் நீலமாகக் கிடந்தது.

மிஸ் அன்றைக்குப் போல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "மேல நடக்குறது எனக்கு எப்படித் தெரியும்? நான் தெய்வமா?" என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தணிவாகவே சொன்னார். தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலிருந்தெல்லாம் பெண்பிள்ளைகளைக் கூட்டிவரக் கேட்கிறார்கள். தமிழ் பேசுகிற ஒரு பெண் வழிகாட்டி கேம்ப்புக்கு வேண்டும். அந்த வேலைக்கு என்னை நினைத்திருந்தாராம். "ஆனா தன் வலியச் சொல்லத் தெரியாதவ கையில அடுத்தவங்க பிள்ளையக் குடுக்க மாட்டேன்" என்றார்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பெரிதென்று எப்படிச் சொல்வது? இரக்கத்தில் கிடைக்காத வேலை. என் கையைப் பார்த்து, இவளால் முடியும் என்று ஒருவர் கொடுக்க வந்த வேலை. அதை விடுவதாக இல்லை. என்ன செய்தால் தருவீர்கள் என்று நேராகவே கேட்டேன். மிஸ் யோசித்து ஒரு சோதனை வைத்தார். கயிற்றையே தொட்டிராத ஆட்களை நானே கூட்டிவர வேண்டும். பின்பக்கப் பாதையால் அவர்களைப் பாறை உச்சிக்கு ஏற்றி, முன்பக்கம் கயிற்றில் ஒவ்வொருவராக இறக்க வேண்டும். மேலே நான்தான் பொறுப்பு. மிஸ் கீழே நிற்பார், வாய் திறக்க மாட்டார். எல்லாரும் நல்லபடியாக இறங்கினால் வேலை எனக்கு.

லயத்தில் பெண்களைக் கேட்டேன். முதலில் எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், முதலில் வருகிறேன் என்றவர் அடுத்த காம்பரா அக்காதான். "இவ கூத்தக் கிட்ட நின்னு பாக்கணும்" என்றார். அவர் வருகிறார் என்றதும் மற்றவர்களும் புறப்பட்டார்கள். வாய்க்காரருக்கு அந்த மரியாதை உண்டு.

அந்த ஞாயிறு காலையில் பாறையடிக்கு வந்தவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லாரும் தலை முழுகி, விபூதி பூசி, வெற்றிலை பாக்கும் சூடமும் கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு பேர் பைபிள்காரர்கள், வேதக்கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களும் தலை முழுகித்தான் வந்திருந்தார்கள். புது மலைக்குப் போகும்போது குளித்து முழுகித்தானே போக வேண்டும். அதோடு எல்லாரும் செருப்பைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டார்கள்.

"சப்பாத்துப் போடணும்க்கா" என்றேன்.

"மலையில சப்பாத்தோடயா? நல்லாப் படிச்ச போ" என்றார் அக்கா.

கெஞ்சிக் கூத்தாடி கேம்ப் சப்பாத்தைப் போட வைத்தேன். சேலையில் வந்தவர்களுக்குக் கால்சட்டை மாட்டிவிட்டேன். அதற்கு நடந்த சிரிப்பைச் சொல்ல ஒரு தனிக் கதை வேண்டும். பட்டி இறுக்கி, தொப்பி போட்டு, தலைமுடியை எல்லாரும் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் தள்ளச் சொல்லி, ஒவ்வொருவராகப் பார்த்தேன். சூடம் கொளுத்திக் கும்பிட்டார்கள். மிஸ்ஸும் கும்பிட்டார்.

ஏறும்போது ஒருவர் வாயிலும் பேச்சில்லை. தண்ணீர்ப் பீலியில் காது புளிக்கப் பேசுகிற கூட்டம், பாறைப் பாதையில் கால் வைத்ததும் கோயிலுக்குள் போனது போல் ஆகிவிட்டது. கயிற்றில் என்ன ஆனாலும் சொல்ல வேண்டும் என்று நான் தொண்டை வறளப் படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஒன்னுமில்ல, நல்லாத்தான் இருக்கோம்." எல்லாரிடமும் ஒரே பதில். 

உச்சியில் ஒரு பெரிய மரம் இருந்தது. அதன் அடியில் கட்டித்தான் கயிறுகளை விடுவோம். இறங்குகிறவளுக்கு ஒரு கயிறு. அது அவள் இடுப்புக்கு முன்னால் எட்டு வடிவத்தில் ஓர் இரும்பு வளையத்துக்குள் புகுந்து வரும். அந்த உரசலில்தான் ஆள் மெல்ல மெல்ல இறங்குவாள். அது போகக் காவலுக்கு இன்னொரு கயிறு, அதை மேலேயிருந்து நான் பிடிப்பேன். எனக்கென்று மூன்றாவதாக ஒன்று ஓரமாகத் தொங்கும். மேலே நிற்கிறவர்களை மரத்தோடு கட்டியிருந்தேன்.

முதல் ஆட்கள் நன்றாகவே இறங்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று ஒருத்தி இறங்கினாள். அடுத்தவள் சேசுவே என்றாள். கீழே போய்ச் சேர்ந்ததும் அவர்கள் போட்ட கூச்சல் மேலே கேட்டது. அடுத்து அக்கா. விளிம்பில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு என் இடது கையைப் பார்த்தார். "இந்தக் கையில உசுரக் குடுக்குறேன், பாத்துக்க" என்றார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. சாய்ந்து, காலை ஊன்றி, இறங்கத் தொடங்கினார்.

பாறை நடுவில் வெளியே துருத்திக்கொண்டு ஒரு முட்டு இருக்கும். அதைத் தாண்டினால் மேலேயிருந்து ஆளைப் பார்க்க முடியாது. அக்கா அதைத் தாண்டினார். கொஞ்சத்தில் கயிறு நின்றுவிட்டது.

"என்னக்கா?" என்று குரல் கொடுத்தேன்.

"ஒன்னுமில்ல."

கயிறு இறுகியே நின்றது. மறுபடி கேட்டேன். மறுபடியும் ஒன்றுமில்லை, வருகிறேன் என்றார். கீழேயிருந்து மிஸ்ஸுக்கு அவர் முதுகுதான் தெரியும். தலையைக் குனிந்து காலடியைப் பார்க்கிறார் போலத்தான் அங்கிருந்து தெரிந்ததாம். மிஸ் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாய் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த ஒன்றுமில்லை எனக்குத் தெரியும். அது என் வாயில் எத்தனை தரம் வந்திருக்கிறது. குரலை ஒரே மட்டத்தில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற ஒன்றுமில்லை அது. அதட்டிக் கேட்டால் இன்னும் இறுக்கிக்கொள்வார். கெஞ்சினாலும் அப்படித்தான். என்னை எத்தனை பேர் அதட்டியும் நான் சொன்னேனா?

அப்போதுதான் என் வாயைத் திறந்தேன். பாறை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. கை நடுங்குது. பாதி வெரல் எரியுது. என்னால முடியலக்கா. மலைதான், சாமிதான், தெரியும். சொல்லிட்டேன். நீயும் சொல்லிரு."

மேலே இருந்த பெண்கள் திடுக்கிட்டுப் போனார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அத்தனையும் உண்மை. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது எவ்வளவு பயந்துபோயிருக்கிறேன் என்று.

 பிறகு அக்காவின் குரல் வந்தது. அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

"முடி மாட்டிக்கிச்சிடி. தல உள்ள இழுக்குது. கழுத்த எடுக்க முடியல."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலை முழுகிய ஈர முடி. வழவழவென்று கொண்டை அவிழ்ந்து தொப்பிக்குக் கீழே நழுவி முன்னால் விழுந்திருக்கிறது. இறங்க இறங்கக் கயிறு அதையும் சேர்த்து அந்த இரும்பு வளையத்துக்குள் இழுத்துவிட்டது. அவர் உடம்புப் பாரம் முழுக்க அதில் நிற்கிறது. இன்னும் ஒரு சாண் இறங்கினால் தலைத்தோலோடு போய்விடும்.

"எறங்காத. அப்படியே நில்லு. கயித்த விட்டுறாத" என்று கத்திவிட்டு, காவல் கயிற்றை மரத்தில் அசையாமல் கட்டினேன். இனி அவர் விழ மாட்டார். ஆனால் பாரம் இறங்காமல் முடி வெளியே வராது. மேலே நின்ற ஒருத்தி இடுப்பிலிருந்து பால் வெட்டுக் கத்தியை எடுத்து நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமையும் கத்தியோடு வந்திருந்தாள் புண்ணியவதி. "அறுத்து விட்டுருங்க, முடி வளந்துரும்" என்றாள். பாரம் ஏறி விறைத்து நிற்கிற கயிற்றில் கத்தி முனை பட்டாலே போதும், நூல் நூலாகத் தெறித்துவிடும். அதுவும் பால் வெட்டுக் கத்தியின் கூர் எங்களுக்குத் தெரியாதா? அந்தக் கத்தியை அந்தப் பக்கமே கொண்டு வராதே என்றேன்.

விளிம்பில் நின்று கீழே மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் கத்தினேன். முடி வளையத்தில் மாட்டியிருக்கிறது, காவல் கயிற்றைக் கட்டிவிட்டேன், நான் என் கயிற்றில் இறங்கப் போகிறேன், கீழ் நுனியைப் பிடியுங்கள். மிஸ் ஓடி வந்து என் கயிற்றின் நுனியைப் பிடித்தார். "சொல்லிக்கிட்டே இறங்கு" என்றார். அது ஒன்றுதான் அவர் சொன்னது.

சொல்லிக்கொண்டே இறங்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை. கால் வைக்கிறேன், வழுக்குகிறது, நிற்கிறேன், கையில் தோல் உரிகிறது, அந்த முட்டுப் பாறையைத் தாண்டுகிறேன், அக்கா தெரிகிறார். மிஸ் ஒவ்வொன்றுக்கும் "ஹரி, ஹரி" என்றார்.

அக்காவின் முகம் வளையத்தோடு ஒட்டியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பாறையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் கயிற்றைப் பிடித்த கையை விடவில்லை. என்னைக் கண்டதும், "அறுத்துருடி" என்றார். "அறுக்க மாட்டேன். மிதிச்சி ஏறப் போறீங்க" என்றேன்.

மெல்லிய கயிற்று வளையம் ஒன்று எப்போதும் என் இடுப்பில் இருக்கும். அதை அவர் கயிற்றில் இரும்பு வளையத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி ஒரு முடிச்சுப் போட வேண்டும். பாரம் ஏறினால் அந்த முடிச்சு பிடித்துக்கொள்ளும். பாரம் இல்லாவிட்டால் நகரும். வலது கையால் என் கயிற்றைப் பிடித்திருந்தேன். இருப்பது இடது கை மட்டும். முதல் சுற்று நழுவியது. மறுபடி சுற்றினேன். மறுபடி நழுவியது. விரல் இல்லாத இடத்தில் கயிறு நிற்கவில்லை.

"நழுவுது மிஸ்" என்று கத்தினேன். "அவங்க கயித்துல என்னால முடிச்சுப் போட முடியல."

"உன் ரெண்டு கையும் எடு. நான் உன்னப் பிடிச்சிருக்கேன்" என்றார் மிஸ்.

கயிற்றில் தொங்கும்போது பிடித்த கையை விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று தொங்கியவர்களுக்குத்தான் தெரியும். கீழே மிஸ் நுனியை இழுத்துப் பிடித்தால் என் வளையம் பூட்டிக்கொள்ளும், நான் விழ மாட்டேன். அது மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. ஒவ்வொரு விரலாகத்தான் எடுத்தேன். விழவில்லை. இரண்டு கையாலும் சுற்றினேன். பாதி விரல்களை ஆப்பு மாதிரி உள்ளே கொடுத்து அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் முனையை இழுத்தேன். முடிச்சு கடித்துக்கொண்டது.

கயிற்று வளையத்தின் கீழ்ப் பக்கத்துக்குள் அக்காவின் சப்பாத்துக் காலை மாட்டினேன். "இப்ப எந்திரிச்சி நில்லுங்க. பால் வாளியத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுவீங்கள்ல, அந்த மாதிரி."

"கால் நடுங்குதுடி."

"நடுங்கட்டும். சொல்லிக்கிட்டே நில்லுங்க."

"கால் நடுங்குது, தொட கடுக்குது, கழுத்து போச்சு, ஒன்ன நம்பி வந்தேன் பாரு" என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே எழுந்து நின்றார். இரும்பு வளையத்தில் இருந்த பாரம் விட்டது. கயிறு தளர்ந்தது. நான் முடியைப் பிரித்துப் பிரித்து இழுத்தேன். கொத்தாகக் கொஞ்சம் கையோடு வந்தது. மற்றது விடுபட்டது. அக்கா தலையை நிமிர்த்தினார். முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் அந்தப் பாறையில் தொங்கிக்கொண்டே அழுதோம். வெட்கம் எல்லாம் இல்லை.

முடியை என் தலைத் துணியால் இறுகக் கட்டி அவர் சட்டைக்குள் விட்டேன். கால் வளையத்தைக் கழற்றினேன். காவல் கயிறு கட்டியிருந்ததால் மேலே இருந்த பெண்களில் ஒருத்திக்குச் சொல்லிச் சொல்லி அவிழ்க்க வைத்து, மெல்லக் கொடுக்கச் செய்தேன். பக்கத்திலேயே நானும் இறங்கினேன். தரையில் கால் பட்டதும் அக்கா மல்லாந்து படுத்துவிட்டார். மிஸ் அவர் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மேலே இருந்தவர்களை மிஸ்ஸே போய்ப் பின்பக்கப் பாதையால் கூட்டி வந்தார். அக்காவை வேனில் ஏற்றிக் கரவனெல்லவுக்குக் கொண்டு போனோம். கழுத்துச் சுளுக்கு, தலையில் ஒரு இடத்தில் தோல் கிழிந்திருந்தது, அவ்வளவுதான் என்றார்கள்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். முடியைப் பார்த்தேன், ஈரத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது வேனில் மிஸ்ஸிடம் நானே அதைச் சொன்னேன்.  மிஸ், தானும் பக்கத்தில் நின்று பார்த்தும் ஈரம் கண்ணில் படவில்லை என்றார். இனி தலைமுடியைப் பின்னித் துணியால் கட்டாமல் யாரும் கயிற்றைத் தொடக் கூடாது என்றார். "சோதன முடியல. எல்லாரும் இறங்கல. கழுத்து சரியானதும் திரும்ப வெப்போம்" என்றார். அவர் அப்படித்தான். ஒரு சொல் இளக மாட்டார். எனக்கு அதுதான் பிடிக்கும்.

அடுத்த முறைக்கு யார் வருவார்கள் என்று எனக்குப் பயம். லயத்தில் கதை காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. வீட்டுக்காரர்கூட, "போதும்டி, விட்டுரு" என்றார். விடுவதாக இல்லை என்றேன். ஆள் இல்லாவிட்டால் உங்களைத்தான் கட்டி இறக்குவேன் என்றேன். மனுசன் அன்று இரவெல்லாம் தூங்கவில்லை.

ஆனால் மறுபடி சோதனை வைத்த ஞாயிறு விடியலில் எங்கள் கதவைத் தட்டியவர் அடுத்த காம்பரா அக்காதான். முடியை எலிவால் மாதிரி இறுக்கிப் பின்னி, மேலே துணி சுற்றி, கேம்ப் சப்பாத்துக்குப் பதில் மகனுடைய பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றார். "என்னடி பாக்குற? அன்னைக்கிப் பாதியில நின்னது நான்தான?" என்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் நின்றார்கள். ஒருத்தி குறையவில்லை. யார் தலையிலும் ஈரம் இல்லை.

அன்று அந்தப் பாறையில் கேட்ட சத்தத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. அக்கா விளிம்பில் கால் வைத்ததிலிருந்து தரையைத் தொடும்வரை வாயை மூடவில்லை. கை வலிக்குது, கால் நடுங்குது, பட்டி அறுக்குது, வயித்தக் கலக்குது, இன்னும் எம்புட்டுத் தூரம்டி என்று மலையில் சொல்லக் கூடாத அத்தனையையும் சொல்லிக்கொண்டே இறங்கினார். மலை நீளவில்லை. சாமியும் கோபிக்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு புலம்பல். கீழே நின்ற மிஸ்ஸுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனாலும் சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியாக நான் இறங்கியதும் வழிகாட்டிகள் போடும் கேம்ப் தொப்பி ஒன்றை என் கையில் கொடுத்தார். 

பிறகு பல வருஷம் அந்த வேலை செய்தேன். பெண்பிள்ளைகள், வயதான டீச்சர்மார், கண் தெரியாத ஒரு தம்பி, எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். இன்று லயத்தில் யாரும் என்னைப் பாவம் என்று சொல்வதில்லை. என்னால் முடியும் என்று நானாகவே எப்போதும் நம்பியிருந்தேன், ஆனால் முடியவில்லை என்று ஊர் கேட்கக் கத்திய அந்த நாளுக்குப் பிறகுதான் அடுத்தவர்கள் தங்கள் உயிரை என் கையில் கொடுத்தார்கள்.